மேயப் போன கூரை

2011-ம் வருடம் மார்ச் 5-ம் தேதி, சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, நூற்றுப் பதினான்கு வீடுகள் உள்ள ஆனைக்கல்துறையில் கூரை இல்லாத ஒரே வீடான சலேத்தம்மாளின் வீட்டுக்குக் கூரை வந்து சேர்ந்தது. அது கடலிலிருந்து ஏறி, ஏலக் கொட்டகையைச் சுற்றி, வலை காயப் போட்டிருந்த மணலைக் கடந்து, தெற்குத் தெருவின் கடைசிவரை ஊர்ந்து வந்து, சலேத்தம்மாள் வீட்டுச் சுவரில் மெல்ல ஏறி, மேலே ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியுமாகத் திரும்பி, பிறகு அமர்ந்துகொண்டது. சலேத்தம்மாள் அப்போது கருப்பட்டிக் காப்பிக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்ததும் மழை வருகிறது என்று நினைத்து, கொடியில் கிடந்த சேலையை எடுக்க வெளியே வந்தவள், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பழுப்பும் பச்சையுமாக, கவிழ்த்துவைத்த தோணி போல ஒரு பெரிய ஓடு சுவர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் நுனியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். காப்பி பொங்கிக்கொண்டிருந்தது.

கல்லொட்டி என்றால் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அலையடிக்கிற பாறைகளில் கவிழ்த்த சிரட்டை போல ஒட்டிக்கிடக்கிற சிப்பி அது. மேலே ஒரே ஓடு, கீழே ஒரே கால், அந்தக் கால்தான் அதற்கு நடையும் பிடியும். கடல் ஏறும்போது இருந்த இடத்தை விட்டு நகர்ந்து பாசி மேயும், கடல் வற்றும்போது புறப்பட்ட இடத்துக்கே, நூல் பிசகாமல் அதே இடத்துக்கே திரும்பி வரும். அந்த இடத்தில் பாறை அதன் ஓட்டுக்குத் தக்கபடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருக்கும். ஊரில் அதை அதன் இருப்பு என்பார்கள். தன் பாசியில் வேறு சிப்பி எதுவும் வந்து ஒட்டினால் அதை முட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, அது அறியாத நேரத்தில் கத்தியால் ஒரே தட்டு. தட்டு தவறினாலோ, முன்கூட்டி ஒரு விரல் பட்டாலோ அது பாறையை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு பாறையை உடைத்தால்தான் உண்டு.

ஆனைக்கல் என்கிற பெரிய பாறையின் தோளில், அலை எட்டாமல் திவலை மட்டும் எட்டுகிற இடத்தில் இருந்த கல்லொட்டி பெரியது. எவ்வளவு பெரியது என்பதில் ஊருக்குள் ஒரே பேச்சு இருந்ததில்லை. ஒரு தலைமுறை சுளகு அளவு என்றது, அடுத்த தலைமுறை கட்டுமரம் அளவு என்றது. இரண்டு தலைமுறையும் சரியாகத்தான் சொல்லியிருந்தது, ஏனென்றால் அது வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை, அதுவும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை, ஊர்க் கமிட்டி அந்தப் பாறையில் மிக்கேல் சம்மனசுக்கு, ஊரைக் காக்கிற வானதூதருக்கு, சொரூபம் வைப்பதென்று முடிவு செய்கிறவரைக்கும்.

கமிட்டித் தலைவர் சவரிநாயகம் இடம் பார்க்கப் பாறைமேல் ஏறினபோது கடல் ஏறியிருந்தது, கல்லொட்டி மேயப் போயிருந்தது, பாறைத் தோளில் உளியால் வெட்டினதுபோல முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் வழுவழுப்பாகக் கிடந்தது. "சம்மனசே அஸ்திவாரம் வெட்டி வச்சிருக்காரு, நமக்குச் சிமெண்டுச் செலவுதான்" என்று சந்தோஷப்பட்டு, கூட வந்த கொத்தனாரைக் கொண்டு கடல் வற்றுவதற்குள் அந்தப் பள்ளம் முழுக்கக் கலவையை நிரப்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்த கல்லொட்டி ஈரச் சிமெண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்று ராத்திரி அது கோயில் முகப்பில் ஏறிப் பார்த்தது, ஏலக் கொட்டகையில் ஏறிப் பார்த்தது, நூலகக் கட்டிடத்தில் ஏறிப் பார்த்தது. எதுவும் அதன் ஓட்டுக்குப் பொருந்தவில்லை. விடியும்போது தெற்குத் தெருவின் கடைசி வீட்டுக்கு வந்தது.

அந்த வீடு ஏன் கூரையில்லாமல் கிடந்தது என்றால், அது கடலைப் பார்த்து நிற்கிற வீடு. சலேத்தம்மாள் இரண்டுமுறை தகரம் போட்டாள், இரண்டுமுறையும் ஆனி மாதத்துக் காற்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று; இரண்டாம் தகரம் பறந்தபோது அது பக்கத்து ஊர்க் கோயில் மணிக்கூண்டில் போய்த் தொங்கியது என்றும், அந்த ஊர்க்காரர்கள் அதைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் வைத்துத் தலைச்சுமையாக உள்நாட்டுத் தெருக்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புகிறவள். பிள்ளைகள் இல்லை. புருஷன் பெர்க்மான்ஸ், மங்களூரில் விசைப்படகில் வேலை என்று நான்கு வருஷத்துக்கு முன் பஸ் ஏறினவர். அங்கே அவருக்கு வேலையும் இருந்தது, நாளடைவில் வேறொரு வீடும் இருந்தது. அவர் உட்கார்ந்து பழகின தேக்கு நாற்காலி மட்டும் சலேத்தம்மாள் வீட்டு நடுவில் கிடந்தது.

ஆனைக்கல்துறையில் வழக்கம் என்று இரண்டு உண்டு, மீதியெல்லாம் சண்டைதான். முதலாவது, நிலம் கோயிலுடையது, வீடு அதில் இருப்பவருடையது, ஆனால் மிக்கேல் திருவிழாக் கொடியேற்றத்தன்று கூரையில்லாமல் நிற்கிற வீட்டின் மனை கோயிலுக்கே திரும்பிவிடும். கமிட்டி அதை வேறு யாருக்கும் கொடுக்கலாம். ஊரைவிட்டுப் போகிறவர்கள் இடத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. இரண்டாவது, கடலுக்குப் போன வள்ளத்தின் இடத்தில் வேறொருவன் தன் வள்ளத்தை ஏற்றக் கூடாது. கரை குறுகலானது, மணலில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஓர் இடம் உண்டு, வள்ளம் கடலில் இருக்கும்போது அந்த இடம் காலியாகக் கிடந்தாலும் காலியில்லை என்றுதான் கணக்கு. மீறி ஏற்றினவன் தன் இடத்தைக் கடலிலிருந்து வருகிறவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இதில் அப்பீல் கிடையாது.

முந்தின வருஷக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் சலேத்தம்மாள் தார்ப்பாய் கட்டித் தப்பித்தாள். சவரிநாயகம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது கூரை இல்ல, குடை. இந்த வருஷம் மன்னிச்சேன். வாற வருஷம் ஒழுங்கான கூரை இல்லேன்னா மனை கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொரூபம் பார்க்க வருகிற சனத்துக்குக் குளிர்பானம் விற்க அவருடைய மருமகனுக்கு ஒரு கடை வேண்டியிருந்தது, கடைக்கு அந்த மனையைவிட நல்ல மனை இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் சலேத்தம்மாள் "நல்லதாப் போச்சு" என்றாள்.

முதலில் பார்க்க வந்தவள் பக்கத்து வீட்டு பிலோமி. இடுப்பில் கைவைத்து நின்று கூரையைப் பார்த்தாள், பிறகு சலேத்தம்மாளைப் பார்த்தாள்.

"எளா சலேத்து, புருஷன் ஒட்டலேன்னு சம்மனசு ஒட்டுததா ஒண்ணை அனுப்பிட்டாரு போலயே."

"ஒட்டுதோ ஒட்டலியோ, வெயிலுக்கு ஆச்சு."

"இதுக்குத் தீனிக்கு என்னளா செய்வ?"

"அது நம்மகிட்டக் கேக்கலியே. அதுவாப் போய்த் தின்னுட்டு அதுவா வருது. வாறதுக்கு நேரமும் உண்டு."

"அப்ப ஆம்பிளை இல்ல" என்றாள் பிலோமி.

வந்த முதல் வாரம் கல்லொட்டி வீட்டைத் தனக்குப் பழக்கிக்கொண்டது. வீடு சதுரம், ஓடு முட்டை வடிவம். ஆகவே அது சுவரின் மேல்விளிம்பை ராப்பகலாகக் கர் கர் என்று அரைத்து, தன் ஓட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி வழித்துக்கொண்டது. நான்கு மூலையிலும் சின்னச் சின்ன இடைவெளி மிஞ்சியது. அடுப்புப் புகை போக அது வசதியாக இருந்தது. பிறகு கூரையிலிருந்து தலையை உள்ளே தொங்கவிட்டு, இரண்டு உணர்கொம்பாலும் வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. அடுப்பைத் தடவியது, விட்டுவிட்டது. சருவத்தைத் தடவியது, விட்டுவிட்டது. பாயில் படுத்திருந்த சலேத்தம்மாளை நெற்றியிலிருந்து கால்வரை தடவியது, அவள் கூச்சத்தில் நெளிந்தாள், அவளையும் விட்டுவிட்டது. பெர்க்மான்ஸின் தேக்கு நாற்காலியைத் தடவியதும், தன் பாசியில் வந்து ஒட்டின அந்நியச் சிப்பியைத் தள்ளுவதுபோல, அதை மெதுவாகவும் உறுதியாகவும் வாசல்வழியே தெருவுக்குத் தள்ளிவிட்டது. சலேத்தம்மாள் எடுத்து உள்ளே போட்டாள். மறுநாளும் அது தெருவில் கிடந்தது. நாலாம் நாள் அவள் அதை பிலோமிக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்படியாக ஆனைக்கல்துறையில் ஒரு வீட்டுக்கு மட்டும் கூரை தினம் இரண்டு வேளை மேயப் போய் வந்தது. கடல் ஏற ஆரம்பித்ததும் சுவரிலிருந்து இறங்கித் தெருவழியே போகும், கடல் வற்ற ஆரம்பித்ததும் அதே தெருவழியே அதே தடத்தில் வரும். ஒரு மாதத்துக்குள் ஊர் இதை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வள்ளக்காரர்கள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "கூரை போச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அடியில் பாசி பிடித்த வள்ளத்தை அது வருகிற வழியில் சாய்த்துப் போட்டால் போகிறபோக்கில் சுத்தமாக வழித்துக் கொடுத்துவிட்டுப் போகும் என்பது தெரிந்ததும், தெற்குத் தெருவில் வள்ளங்கள் வரிசையில் நின்றன; யார் வள்ளம் முன்னால் என்பதில் இரண்டு அடிதடி நடந்தது. அது ஊர்ந்துபோன தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் சறுக்கின. பிறகு தடத்தில் பாசி முளைத்தது, பாசியைத் தின்ன ஆடுகள் வந்தன, ஆட்டுக்காரிகள் சலேத்தம்மாளிடம் திடீரென்று மரியாதையாகப் பேசினார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து, வீட்டுக்குப் போகிற கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டு, கூரையின் கீழே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வீட்டுவரிக்காரர் ஓலையா ஓடா காங்கிரீட்டா என்று கேட்டு, பதிலை எதிர்பாராமல் ஓடு என்று போட்டுக்கொண்டார்.

சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுக்குள் மட்டும் கடலின் அடிவயிறு போலக் குளிர்ச்சியாக இருந்தது. மேலே அந்தப் பெரிய கால் மஞ்சளும் சாம்பலுமாக மூச்சுவிடுவது தெரியும். அவ்வப்போது ஒரு சொட்டு விழும். சலேத்தம்மாள் கஞ்சிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினாள். மத்தியானங்களில் பிலோமியும் தெருப் பெண்களும் வலைக்கயிறோடு அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் சிரமம்தான். கூரை மேயப் போன நேரத்தில் மழை வந்தால் பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்துவிட்டு பிலோமி வீட்டுக்குப் போய், அங்கே தேக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ராத்திரி மேய்ச்சலின்போது படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம். புருஷன் இருந்த காலத்தில் அவள் மல்லாந்து படுத்ததே இல்லை. அவர் குடித்துவிட்டு வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று தெரியாது.

மீன்வளத் துறையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, ஏணி வைத்து ஏறி ஓட்டை அளந்தார். கல்லொட்டிகளில் இந்தப் பெரிய இனம் இளவயதில் ஆணாக இருந்து, வயதும் உருவமும் கூடினபிறகு பெண்ணாக மாறிவிடும் என்றும், இது மாறி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"நான் அண்ணைக்கே சொன்னேம்லா, வாறதுக்கு நேரம் உண்டுன்னா ஆம்பிளை இல்லேன்னு" என்றாள் பிலோமி.

பங்குச்சாமியார் அருள்ராயன் திண்டுக்கல் பக்கத்துக்காரர், இளவயது, அந்தக் கடற்கரைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாறையின்மேல் வீடு கட்டினவனைப் பற்றிய வசனத்துக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய எழுந்தபோது சனம் முழுக்கத் திரும்பி சலேத்தம்மாளைப் பார்த்தது. அவர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

சவரிநாயகத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆடி மாதம் அவர் கமிட்டியைக் கூட்டி, இந்தச் சாதனம் ஒருநாள் யார் தலையிலாவது விழும், ஊர்ப் பாதுகாப்பை முன்னிட்டு இதை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார். எட்டுப் பேர் கடப்பாரையோடு வந்தார்கள். கல்லொட்டி பிடிக்கிற முறை எட்டுப் பேருக்கும் தெரியும்: சத்தமில்லாமல் போய், எட்டுக் கடப்பாரையும் ஒரே நேரத்தில், ஒரே தட்டு. சவரிநாயகம் விரலைத் தூக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் ஆனைக்கல்துறையில் புது வலை இறக்கினாலும், புதுக் கிணறு தோண்டினாலும், கழிவறைக் குழி எடுத்தாலும் முதலில் மந்திரிக்காமல் யாரும் கைவைக்க மாட்டார்கள். சாமியாரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் தமக்குத் தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். மூன்று என்பதற்கு முன்னால் தீர்த்தத்தைக் கூரைமேல் தெளித்தார்.

சொட்டு பட்டதும் கல்லொட்டி வீட்டைப் பிடித்தது. வருஷக்கணக்காகக் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்த சுவர் மளுக்கென்று ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது. எட்டுக் கடப்பாரைகளில் மூன்று வளைந்தன. சாயங்காலம் வரைக்கும் நெம்பிப் பார்த்தார்கள். கடைசியில் சலேத்தம்மாள் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"சாமி, உங்க புண்ணியத்துல சுவரு நேராயிட்டு. கொத்தனாருகிட்டச் சொன்னா ரெண்டு வருசமா வாறேன் வாறேன்னான்."

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா" என்றார் சாமியார் பரிதாபமாக.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் சலேத்தம்மாள் நினைத்தாள். ஆனால் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால், கோயில் ஒலிபெருக்கியில், வழக்கமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புறப்படுகிற கொடிப் பவனி இந்த வருஷம் வெயிலுக்கு முன்னால் காலை பத்து மணிக்கே தெற்குத் தெருவைச் சுற்றி வரும் என்று அறிவித்தார்கள். கடற்கரையில் பிறந்த யாருக்கும் காலண்டர் பார்க்கத் தேவையில்லை. விரல்விட்டுப் பார்த்தால் போதும். அன்றைக்குப் பத்து மணிக்குக் கடல் நிறைய ஏறியிருக்கும். கூரை மேயப் போயிருக்கும்.

"கயித்தைப் போட்டுக் கட்டிப்போடுளா, ஒரு நாளைக்குத்தானே" என்றாள் பிலோமி.

"ஒட்டுனதைக் கட்டிப்போட்டா அதுக்கு என்ன மரியாதை?"

"மரியாதை பாத்தா மனை போயிரும். அந்த மருமவன் பய வாசல்ல ஐஸ்பெட்டி வச்சிக்கிட்டு உன்னையப் பாத்துப் பல்லைக் காட்டுவான், பாத்துக்கோ."

சலேத்தம்மாள் கட்டவில்லை. பதிலாக, முந்தின நாள் கடல் வற்றினபோது ஆனைக்கல்லுக்குப் போய், இரண்டு கூடை நல்ல பச்சைப் பாசி சுரண்டி வந்து, சுவரைச் சுற்றி அப்பிவைத்தாள். "நாளைக்கு ஒருநாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிடு, தாயி" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். கல்லொட்டி அதில் ஒரு பிசிறு விடாமல் தின்றது. மறுநாள் காலை கடல் ஏறினதும், தின்ற சுவடே காட்டாமல், வழக்கம்போல இறங்கிப் போய்விட்டது. வாசலில் நின்று அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அவளுக்குச் சொந்தமாக இருந்தது நான்கு சுவர் மட்டும்தான். பிறந்த ஊரில் அதுவும் இல்லை.

பத்து மணிக்கு பாண்டு வாத்தியம் முழங்க, கொடியும் குருசும் முன்னால் வர, பூச்சொரிந்து தெருச் சனம் முழுக்கப் பின்னால் வர, பவனி தெற்குத் தெருவின் கடைசிக்கு வந்து நின்றது. வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார் சவரிநாயகம். புது வேட்டியும், தோளில் சிவப்புப் பட்டும் போட்டிருந்தார்.

"சாமி பாத்துக்கிடுங்க. ஊரும் பாத்துக்கிடட்டு. சுவரு இருக்கு, வாசல் இருக்கு. கூரை எங்க?"

சலேத்தம்மாள் வாசற்படியில் நின்றாள். தலைக்குமேலே வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது.

"கடலுக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"கடல் வத்துனா வரும். உம்ம மவன் எப்ப வாறான், தலைவரே?"

"அவன் ஆழ்கடலுக்குப் போயிருக்கான். பத்து நாளு ஆகும். அது என்னத்துக்கு இப்ப?"

"அவன் வள்ளத்து இடம் மணல்ல சும்மாத்தானே கிடக்கு. நாளைக்கு எஞ் சருவத்தை அங்ஙன இறக்கிவச்சு யாவாரம் பாக்கட்டா?"

"வச்சுத்தான் பாரேன்" என்றார் சவரிநாயகம், மீசையைத் தடவிக்கொண்டு. கூட்டத்தில் சிரித்தார்கள்.

"அப்ப, கடலுக்குப் போனவன் இடம் காலியாக் கிடந்தாலும் காலியில்ல."

"அது பச்சப் பிள்ளைக்கும் தெரியும். நீ கூரையைக் காட்டு."

"அது கடலுக்குப் போன நேரம் பாத்து அது இருப்புல சிமெண்டைக் கொட்டுனது யாருவே?"

பாண்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த சிஞ்சாத் தாளம் தவறி விழுந்து தனியாக ஒலித்தது. எல்லோரும் ஆனைக்கல் பக்கம் திரும்பினார்கள். அங்கே சிமெண்டுப் பீடத்தின்மேல் மிக்கேல் சம்மனசு தராசோடு நின்றுகொண்டிருந்தார். ஆறு மாதமாக அவரைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து பிலோமியின் குரல் வந்தது:

"ஏத்துனவன் தன் இடத்தைக் குடுக்கணும். வழக்கம்."

இப்போது சனம் வேறு பக்கம் திரும்பியது. நடுத்தெருவில் சவரிநாயகத்தின் மாடிவீடு, வெள்ளையடித்து, மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டியோடு நின்றது. கல்லொட்டி உட்கார அதன் மாடி போதுமா என்று இரண்டு பேர் கையை விரித்து அளந்தே பார்த்துவிட்டார்கள்.

"நானா கொட்டுனேன்? கமிட்டில்லா கொட்டுச்சு" என்றார் சவரிநாயகம்.

"கமிட்டிக்கு வீடு இல்லியே, தலைவரே. உமக்குத்தானே இருக்கு" என்று யாரோ ஒரு வள்ளக்காரர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

சாமியாருக்கு வியர்த்துக் கொட்டியது. கையில் தீர்த்தச் செம்பு இருந்தது. முன் அனுபவத்தால் அதைப் பத்திரமாக மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டார், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அவருக்கு விளங்கியது. கல்லொட்டி இப்போது எங்கே இருக்கிறதோ அதுவே அதன் இருப்பு, அது கடலுக்குப் போன நேரத்திலும் அந்த இடம் காலியில்லை, ஆகவே இந்த வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று சொல்லி, அதில் தலைவருக்கு ஆட்சேபம் இருந்தால் முதலில் சொரூபத்தை எடுத்துவிட்டுப் பேசலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். தலைவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தோற்றுப்போய் நிற்கிற ஆளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"அப்படின்னா இவ புருஷன் பெர்க்மான்ஸ் இடமும் காலியில்ல. அதையும் ஊரு ஞாபகம் வச்சிக்கிடட்டு. அவன் வந்து கேட்டா வீடு அவனுக்குத்தான்."

சலேத்தம்மாளின் முகம் மாறியது. ஆறு மாதமாக அவள் நினைக்காமல் இருந்தது அந்த ஒன்றைத்தான். வாதம் அவளுடையது; அதை வைத்தே தலைவர் பெர்க்மான்ஸுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"அவரு கடலுக்குப் போகலியே" என்றாள். "பஸ்லல்லா போனாரு."

தெருவே சிரித்தது. பாண்டு வாத்தியம் கேட்காமலே ஆரம்பித்தது. பவனி நகர்ந்தது. பன்னிரண்டரை மணிக்கு, கொடி ஏறி முடிந்து சனம் தெருவில் நெருக்கிக்கொண்டிருந்தபோது, கூரை கடலிலிருந்து வந்தது. ஆட்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். தோரணங்களில் இரண்டு அதன் ஓட்டில் மாட்டிக்கொண்டன. கிறிஸ்மஸ் வரைக்கும் அந்தச் சிவப்புக் காகிதங்கள் கடலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன.

சவரிநாயகத்தின் மருமகன் குளிர்பானக் கடையைப் பஸ் நிறுத்தத்தில் வைத்தார். வியாபாரம் அங்கே இன்னும் நன்றாகவே நடந்தது. சலேத்தம்மாளும் தினம் பஸ் வருகிற சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வதைச் சில மாதங்களில் விட்டுவிட்டாள்.

2014-ம் வருடம் ஜூலை 20-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது பஸ்ஸில் பெர்க்மான்ஸ் ஒரு தோல்பையோடு வந்து இறங்கினார். கடல் ஏறியிருந்தது. வீட்டுக்குக் கூரை இல்லாததைப் பார்த்து, "நான் இல்லாட்டி இதான் கதி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சலேத்தம்மாள் கஞ்சி ஊற்றி வைத்தாள். உப்பில்லை என்றார், வரும் என்றாள். இனி இங்கேதான் என்று சொல்லிவிட்டு அவர் பாயை விரித்துப் படுத்தார். பன்னிரண்டு இருபதுக்குக் கல்லொட்டி திரும்பி வந்து, சுவரில் ஏறி அமர்ந்து, தலையை உள்ளே தொங்கவிட்டு, அவரை நெற்றியிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தது. பிறகு பாயோடு சேர்த்து வாசல்வழியே தெருவுக்குத் தள்ளியது. அவர் மறுபடி உள்ளே போனார், அது மறுபடி தள்ளியது. அவர் ஒன்று ஐம்பது பஸ்ஸில் போனார். சலேத்தம்மாள் தெருவில் கிடந்த பாயை உதறி, உள்ளே எடுத்துப் போட்டாள்.